ஓடிவரும் நீரும் ஊர்காக்கும் தாங்கலும்

(ஈக்காட்டுத்தாங்கலில் பட்டறைத் தொழிலாளரும் இளைஞரும் கூடிய மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

பட்டறை வேலை முடித்து, கையில் படிந்த கிரீசைக் கழுவியும் கழுவாமலும் ஓடோடி வந்து அமர்ந்திருக்கும் அருமைத் தோழர்களே!

எனக்கு முன்னே பேசிய நண்பர் என்னை நாடக ஆசிரியர் என்று அறிமுகப்படுத்தினார். நாவலர் என்றும் சொன்னார். கல்லூரியில் நான் எதுவரை படித்தேன் என்பதை மட்டும் நாகரிகம் கருதிச் சொல்லாமல் விட்டுவிட்டார். மறைக்கவேண்டிய செய்தி அல்ல அது. இரண்டாம் ஆண்டோடு நின்றவன் நான். ஏன் நின்றேன் என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன். இன்று பேச எடுத்துக்கொண்ட பொருளுக்கும் அதற்கும் நெருங்கிய உறவு உண்டு.

பொருள் என்ன? உலகத் தொழிலோடு நம் ஊர் கொண்டிருக்கும் தொடர்பு. அந்தத் தொடர்பால் ஊர் வளர்கிறதா, அல்லது ஊரைக் காட்டி வேறு யாரோ வளர்கிறார்களா என்னும் கேள்வி. "பொருளாதாரப் பேராசிரியர் பேசவேண்டிய பொருளாயிற்றே, நாடகக்காரனுக்கு இங்கென்ன வேலை?" என்று கேட்பீர்கள். கேளுங்கள், தவறில்லை! பேராசிரியர் அதை அட்டவணையில் காண்கிறார். நாம் அடுப்பில் காண்கிறோம். ஆர்டர் வந்தால் உலை கொதிக்கும். ஆர்டர் நின்றால் உலை அவியும். ஆகவே பேசுவதற்கு நமக்கும் உரிமை உண்டு. நமக்கே உரிமை அதிகம் உண்டு என்றுகூடச் சொல்வேன்!

பெயரிலேயே பாடம்

நாம் கூடியிருக்கும் இந்த ஊரின் பெயர் என்ன? ஈக்காட்டுத்தாங்கல். தாங்கல் என்றால் என்ன? தொண்டை மண்டலத்துச் சிற்றேரிக்குத் தாங்கல் என்று பெயர். வேடந்தாங்கல், பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்று எத்தனை ஊர்கள்! மேட்டிலிருந்து ஓடிவரும் நீரைக் கரைகட்டித் தாங்கி நிறுத்தி, வேண்டும்போது மதகு திறந்து வயலுக்கு விட்டார்கள் நம் முன்னோர். மழை பெய்வது அவர்கள் கையில் இல்லை. பெய்த மழையைத் தேக்குவது அவர்கள் கையில் இருந்தது. தேக்கிய ஊர் விளைந்தது. தேக்காத ஊர், வெள்ளம் வந்தபோது மூழ்கியது, வடிந்தபோது காய்ந்தது.

இந்த ஊரில் தாங்கல் போய்விட்டது. பெயர் மட்டும் தங்கியிருக்கிறது. தாங்கல் இல்லாத ஊருக்கு என்ன நேரும் என்பதை 2015 டிசம்பரில் நாம் கண்ணாரக் கண்டோம். டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அது அடையாற்றில் இறங்கி, நம் தெருக்களில் ஏறி, வீட்டையும் பட்டறையையும் விழுங்கிற்று. மதகு எங்கோ திறந்தது, முழுகியது நாம்!

தோழர்களே, உலகத் தொழிலும் அப்படிப்பட்ட ஓர் ஆறுதான். அதன் மதகு சியோலில் இருக்கிறது, டெட்ராய்ட்டில் இருக்கிறது, தைபேயில் இருக்கிறது, கலிபோர்னியாவில் இருக்கிறது. திறந்தால் இங்கே இரவும் பகலும் எந்திரம் சுழலும். மூடினால் பட்டறைக் கதவும் மூடும். அந்த ஆறு வேண்டுமா, வேண்டாமா என்பதல்ல கேள்வி. வந்த நீரைத் தாங்க நம்மிடம் தாங்கல் இருக்கிறதா? அதுதான் கேள்வி.

பூட்டத் தொடங்கிய கை

இந்த உறவு நேற்று முளைத்ததல்ல. 1948இல் ஆஸ்டின் கார்களைப் பூட்டும் தொழிலோடு எண்ணூரில் பிறந்தது அசோக் மோட்டார்ஸ். 1955இல் இங்கிலாந்து நிறுவனத்தின் பங்கேற்போடு அசோக் லேலண்டு ஆயிற்று. அதே 1955இல், இங்கிலாந்து நாட்டு ரெட்டிச் நகரத்து என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் ஆலையில் முதலில் நடந்தது என்ன? இங்கிலாந்திலிருந்து பெட்டியில் வந்த உதிரிகளைப் பிரித்து எடுத்து ஒன்றோடொன்று பூட்டியது மட்டுமே.

பூட்டுவதோடு நின்றார்களா? நிற்கவில்லை. நிற்க விடவும் இல்லை. அந்நிய வண்டியைப் பூட்டி விற்கிறவர்கள் படிப்படியாக உறுப்புகளை இந்நாட்டிலேயே ஆக்கவேண்டும் என்று 1950களில் அரசு நிபந்தனை விதித்தது. ஆக்க மனமில்லாதவர்கள் கடையைக் கட்டினர். மனமிருந்தவர்கள் உறுப்பு செய்யத் தெரிந்த கைகளைத் தேடினர். தேடியபோது கைகள் இருந்தன! பாடியிலும் அம்பத்தூரிலும் சக்கரம், பிரேக்கு, மின்கருவி, சைக்கிள் என்று ஆலைகள் எழுந்தன. 1958இல், காமராசர் முதலமைச்சராகவும் ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராகவும் இருந்த நாளில், நமக்கு எதிரே கிண்டித் தொழிற்பேட்டை பிறந்தது. இன்று அது திரு.வி.க. பெயரைத் தாங்கி நிற்கிறது. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் எழத் துணைநின்ற தமிழ்த் தென்றலின் பெயர் ஒரு தொழிற்பேட்டைக்கு! இந்தப் பொருத்தத்தை மனத்தில் வையுங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

பேட்டையை ஒட்டி நம் சந்துகளில் லேத்துப் பட்டறை வந்தது. டை செய்பவர் வந்தார். முலாம் பூசுபவர் வந்தார். வெல்டிங் கடை வந்தது. பெரிய ஆலைக்கு வேண்டிய சிறிய உறுப்பு ஒரு தெருவில் கடைந்து, அடுத்த தெருவில் துளையிட்டு, அதற்கடுத்த தெருவில் மெருகேறிப் போயிற்று. ஆலைக்குச் சுவர் உண்டு. நம் பட்டறைகளுக்கு ஊரே ஆலை!

இனி வேடிக்கையைக் கேளுங்கள். ரெட்டிச் நகரத்து ஆலை 1967இல் மூடப்பட்டது. சில ஆண்டுகளில் இங்கிலாந்து நிறுவனமே மறைந்தது. தாய் மறைந்தாள், மகள் வாழ்ந்தாள்! திருவொற்றியூரில் வண்டி நிற்கவில்லை. இன்று ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் வளர்ந்த ஆலைகளிலிருந்து அதே வண்டி கப்பலேறி இங்கிலாந்துக்கே போகிறது. பெட்டியில் வாங்கியவன், பெட்டி அனுப்பியவனுக்கே விற்கிறான்! எப்படி முடிந்தது? பூட்டும் கை படைக்கும் கை ஆகிவிட்டிருந்தது. அங்கே மதகு அடைபட்டபோது இங்கே தாங்கல் நிரம்பியிருந்தது.

பறந்து வந்ததும் பறந்து போனதும்

மற்றொரு காட்சி. 1990களில் கதவு அகலத் திறந்தது. 1995இல் ஃபோர்டு வந்தது. 1996இல் ஹூண்டாய் வந்தது. செம்பரம்பாக்கம் ஏரிக்கு அணித்தே இருங்காட்டுக்கோட்டையில் எழுந்த ஆலையிலிருந்து 1998இல் சான்ட்ரோ உருண்டு வந்தது. கொரியாவிலிருந்து உறுப்பு செய்யும் நிறுவனங்களும் உடன் வந்தன. 2005இல் ஒப்பந்தம் போட்டு, 2006இல் திருப்பெரும்புதூரில் கைப்பேசி செய்யத் தொடங்கியது பின்லாந்தின் நோக்கியா. ஆட்சிகள் மாறின; அழைப்பு மாறவில்லை. எந்தக் கட்சி கோட்டையில் இருந்தாலும், 1971இல் தொடங்கிய சிப்காட் நிலம் தந்தது. துறைமுகம் வழி தந்தது. நம் பிள்ளைகள் கை தந்தார்கள்.

நோக்கியாவைப் பாருங்கள். உலகின் பெரிய கைப்பேசி ஆலைகளுள் ஒன்று. உச்சத்தில் ஏறத்தாழ 8,000 பேர் நேரடிப் பணி, பெரும்பாலோர் இளம்பெண்கள். 2011க்குள் 50 கோடிக் கைப்பேசிகள். 50 கோடி! திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வந்த நம் தங்கைகளின் விரல் படாத கைப்பேசி உண்டா என்று எண்ணத் தோன்றிய காலம்.

பிறகு என்ன ஆயிற்று? தொடுதிரை வந்தது, சந்தை சரிந்தது. 2014இல் நோக்கியா தன் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்றது. வரி வழக்கில் சிக்கிய திருப்பெரும்புதூர் ஆலை அந்த விற்பனைக்கு வெளியே நின்றது. 2014 நவம்பர் 1 அன்று எந்திரம் நின்றது. அடுத்த மாதம், அதற்கு உறுப்பு பூட்டித் தந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் கதவடைத்தது. ஒன்பது ஆண்டுகூட ஆகவில்லை! பள்ளியில் சேர்ந்த பிள்ளை ஒன்பதாம் வகுப்பு முடிப்பதற்குள் ஓர் ஆலை பிறந்து, வளர்ந்து, மடிந்துவிட்டது.

என்ஃபீல்டு தாய்நிறுவனம் மறைந்தும் இங்கே தொழில் நிலைத்தது. நோக்கியா தொழிலை விற்றதும் இங்கே ஆலை நின்றது. இரண்டும் அந்நிய உறவுதான். ஏன் இந்த வேறுபாடு? இரு தொழிலின் இயல்பும் ஒன்றல்ல என்பது உண்மை. ஆனால் மூல காரணம் ஒன்று உண்டு. ஒன்றில் உறுப்புகள் இந்த மண்ணில் வேர்விட்டன. மற்றொன்றில் உறுப்புகள் பெரும்பாலும் விமானத்தில் பறந்து வந்தன. அவை பறந்து வந்ததுபோலவே தொழிலும் பறந்து போயிற்று!

கொட்டகை நமது, வசூல் யாருடையது?

நான் நாடகக்காரன், என் தொழில் மொழியில் சொல்கிறேன். ஊர்க்கொட்டகை நம்முடையது, விளக்கு நம்முடையது, மேடையில் வியர்வை சிந்தும் நடிகர் நம்மவர். ஆனால் கதை எழுதியவர் வேறு ஊர். நாடகத்தின் பெயர் வேறொருவர் உரிமை. டிக்கெட்டுப் பணம் போவது இன்னொருவர் பெட்டிக்கு. கொட்டகை நிறைந்தது என்று நாம் கைதட்டலாம். வசூலில் நம் பங்கு என்ன என்று கேட்கவேண்டாமா?

கணக்கு ஒன்று சொல்கிறேன். 2009ஆம் ஆண்டின் ஐபோனை ஆராய்ந்தவர்கள், அதன் உற்பத்திச் செலவு 178 டாலர் 96 சென்ட் என்று கண்டார்கள். அன்று அது சீனாவில் பூட்டப்பட்டது. பூட்டியதற்குச் சீனாவுக்குக் கிடைத்தது எவ்வளவு? ஆறரை டாலர்! நூற்றுக்கு 3.6. ரூபாய்க்கு நான்கு காசுக்கும் குறைவு. மீதி, திரை செய்தவனுக்கு, சில்லு செய்தவனுக்கு, நினைவகம் செய்தவனுக்கு. அதற்கும் மேலே விற்பனை லாபம், வடிவம் வரைந்து பெயர் பொறித்தவனுக்கு.

சீனா அந்த நான்கு காசோடு நின்றுவிடவில்லை. பூட்டிக்கொண்டே கற்றது, கற்றுக்கொண்டே உறுப்பு செய்தது, செய்துகொண்டே சொந்தப் பெயரில் விற்கத் துணிந்தது. பூட்டும் பணி இழிவல்ல, தோழர்களே, அது முதற்படி. முதற்படியையே மாடி என்று எண்ணி அங்கே பாய் விரித்துப் படுத்துவிடுவதுதான் பிழை.

இன்று அந்த ஐபோன் நம் வீட்டுவாசலில் பூட்டப்படுகிறது. மூடிய ஃபாக்ஸ்கான் மீண்டும் திறந்து வளர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 2021-22இல் 186 கோடி டாலர். 2024-25இல் 1,465 கோடி டாலர். இந்திய நாட்டு மின்னணு ஏற்றுமதியில் ஐந்தில் இரு பங்கு! பெருமைப்படுங்கள்; நானும் பெருமைப்படுகிறேன். ஆனால் ஏற்றுமதிக் கணக்கு என்பது கப்பலேறிய சரக்கின் முழு விலை. அதற்குள் இறக்குமதியாகி வந்த உறுப்பின் விலையும் அடங்கும். வாய்க்காலில் ஓடுகிற நீர் வேறு. தாங்கலில் தங்குகிற நீர் வேறு. அந்த வேறுபாடு அரசுகளுக்கும் தெரிந்திருக்கிறது. உறுப்புகளை இங்கேயே செய்விக்க 2025 மார்ச்சில் ஒன்றிய அரசு 22,919 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அடுத்த மாதமே தமிழ்நாடு அரசும் தன் பங்குக்கு ஒரு திட்டம் அறிவித்தது. 1950களில் நிபந்தனையாக இருந்தது, இன்று ஊக்கத்தொகையாக வருகிறது. வழி வேறு, இலக்கு ஒன்று.

என் தந்தையின் பட்டறை

இப்போது நான் தந்த வாக்கைக் காப்பாற்றுகிறேன்.

இதே ஈக்காட்டுத்தாங்கலில், ஆற்றங்கரைப் பக்கத்துச் சந்து ஒன்றில், என் தந்தைக்கு இரண்டு லேத்து இருந்தது; உதவிக்கு இருவர். கார் ஆலைக்கு நேரே செய்தவர் அல்லர். ஆலைக்கு உறுப்பு தரும் நிறுவனம் ஒன்று. அதற்கு உறுப்பு தரும் நிறுவனம் இன்னொன்று. அந்த இன்னொன்றுக்கு ஜாப் ஒர்க் செய்தவர் அவர். தான் கடைந்த உருளை எந்தக் காரில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் ஒரு நூலிழை பிசகினால் திரும்பி வரும் என்பது தெரியும். ஆகவே பிசகவிடமாட்டார்.

2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்ற வங்கி விழுந்தது. என் தந்தை அந்தப் பெயரைக் கேட்டதில்லை. அந்த வங்கியும் என் தந்தையின் பெயரைக் கேட்டதில்லை. உலகெங்கும் கார் விற்பனை படுத்தது. மேலே இருந்தவன் உற்பத்தியைக் குறைத்தான். அவனுக்குக் கீழிருந்தவன் ஆர்டரை நிறுத்தினான். அவனுக்கும் கீழிருந்தவன் பாக்கியைத் தர மறுத்தான். எல்லாருக்கும் கீழே இருந்தார் என் தந்தை. அவருக்குக் கீழே யாரும் இல்லை, தரைதான் இருந்தது.

பாக்கி நாற்பத்தோராயிரம் ரூபாய். பெரிய தொகையா? கோட்டையில் அது தேநீர்ச் செலவு. எங்கள் வீட்டில் அது என் கல்லூரிக் கட்டணமும், லேத்து வாங்கிய கடனின் தவணையும், உதவிக்கு இருந்தவர்களின் இரண்டு மாதக் கூலியும். டெலிவரி சலான் கட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு அந்த நிறுவனத்தின் வாசலில் பல நாள் போய் நின்றார். "அடுத்த வாரம் வாங்க" என்றார்கள். அந்த அடுத்த வாரம் வரவேயில்லை. நிறுவனத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். அதற்கும் மேலே ஒருவன் பாக்கி வைத்திருந்திருக்கலாம். 2009இல் நான் கல்லூரிக்குப் போவதை நிறுத்தி, நாடகக் குழு ஒன்றில் திரை இழுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். மேடை எனக்குக் கிடைத்தது அப்படி!

இதில் என் நெஞ்சை இன்றும் அறுப்பது எது தெரியுமா? வறுமை அல்ல. குறு, சிறு தொழில்களுக்குத் தரவேண்டிய பணத்தை 45 நாளுக்குள் தந்தாகவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப்போல் மும்மடங்கு, கூட்டு வட்டியாகத் தரவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டம் 2006ஆம் ஆண்டின் சட்டம்! 2009இல் அது இருந்தது. என் தந்தைக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. இந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்த ஒரு தோழர் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்திருந்தால், நான் இன்று பட்டதாரியாக இருந்திருப்பேன். உங்களுக்கும் இந்தப் பேச்சு மிஞ்சியிருக்கும்!

சிரிக்கிறீர்கள்; சிரியுங்கள். ஆனால் தெரிந்திருந்தாலும் அவர் கேட்டிருப்பாரா என்றும் எண்ணிப் பார்த்திருக்கிறேன். "கேட்டால் அடுத்த வேலை வராதேடா" என்பார். உண்மைதான். ஒருவன் கேட்டால் ஒருவனுக்கு வேலை போகும். ஒரு தெருவே கேட்டால்? ஒரு பேட்டையே கேட்டால்? எத்தனை பேருக்கு வேலையை மறுப்பார்கள்?

2015 வெள்ளத்தில் அந்த இரண்டு லேத்தும் மூழ்கின. மோட்டாரைக் கழற்றிக் காயவைத்து ஒன்றை மீட்டார். மற்றது இரும்புக்கடைக்குப் போயிற்று. காப்பீடு இல்லை. முதலில் உலகச் சந்தையின் வெள்ளம். பிறகு அடையாற்றின் வெள்ளம். இரண்டுக்கும் இடையே எங்களைக் காக்க ஒரு கரைகூட இல்லை.

இரு பக்கத்துக் குரல்கள்

இதைக் கேட்டவுடன் ஒரு பக்கத்திலிருந்து குரல் எழும்: "பார்த்தாயா! அதனால்தான் சொல்கிறோம், அந்நிய ஆலையே வேண்டாம். கதவைச் சாத்து!" நான் பணிவோடு மறுக்கிறேன். கதவைச் சாத்தினால் வெள்ளம் வராது, தண்ணீரும் வராது. தையல் பொறியும் வயல்வேலையும் தவிர வேறு வழி காணாத எத்தனை குடும்பத்துப் பெண்கள் இந்த ஆலைகளால் சொந்தச் சம்பளம் கண்டிருக்கிறார்கள்! இந்தியாவில் ஆலைப் பணி செய்யும் பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அந்தக் கதவைச் சாத்தும் உரிமை நமக்கு யார் தந்தது?

மறுபக்கத்திலிருந்து வேறொரு குரல்: "வந்தவனை வணங்கு; கேள்வி கேட்காதே; கேட்டால் போய்விடுவான்!" அதையும் மறுக்கிறேன், இன்னும் அழுத்தமாக. கேளாமல் இருந்தபோது போகாமலா இருந்தான்? 2021இல் ஃபோர்டு உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2022இல் மறைமலைநகர் ஆலையில் எந்திரம் நின்றது. யாரும் கேள்வி கேட்டதாலா? இல்லை, அவர்கள் கணக்கு அப்படி வந்தது. 2024இல் அதே ஆலையை ஏற்றுமதிக்குப் பயன்படுத்த விருப்பக் கடிதம் தந்தார்கள். அதுவும் அவர்கள் கணக்கு. போவதும் வருவதும் அவர்கள் கணக்கு என்றால், நம் கணக்கை நாம் போடவேண்டாமா?

தாங்கல் எப்படிக் கட்டுவது?

தாங்கலுக்கு நான்கு வேண்டும்: ஆழம், கரை, மதகு, வரத்துக்கால். ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

ஆழம் என்பது கைத்திறன். ஆலை போனாலும் போகாத சொத்து அது. ஒரே திருகை நாளுக்கு ஆயிரம் முறை முடுக்கப் பழகியவருக்கு, ஆலை மூடினால் கையில் ஒன்றும் மிஞ்சாது. டை வடிக்கவும், கருவியை ஆக்கவும், வரைபடம் படிக்கவும் கற்றவர் எங்கும் பிழைப்பார். நமக்கு அருகே கிண்டியில் 1968இல் தொடங்கிய பிளாஸ்டிக் பொறியியல் நிறுவனம் இருக்கிறது. தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. பொறியியல் கல்லூரி இருக்கிறது. நம் தெருப் பிள்ளைகள் அங்கே சேர்ந்திருக்கிறார்களா? கிளைத் தோழர்கள் ஒவ்வொரு வீடாகக் கேட்டீர்களா?

கரை என்பது தொழிலாளரின் கட்டுக்கோப்பு. கரை இல்லாத நீர் தேங்காது. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர் தங்கிய விடுதியில் உணவு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனை சென்றனர். அந்தப் பெண்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். ஆலை சில வாரம் நின்றது. விடுதியும் உணவுக்கூடமும் தங்கள் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. பின்னர் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை அரசின் சிப்காட் கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தது. சாலையில் அமர்ந்த பெண்களுக்கும் எழுந்து நிற்கும் அந்தக் கட்டடத்துக்கும் தொடர்பே இல்லை என்று யார் சொல்வார்? 2024இல் சாம்சங் தொழிலாளர் 37 நாள் வேலை நிறுத்தம் செய்தனர். 2025 ஜனவரியில் அவர்கள் சங்கம் பதிவாயிற்று. ஆலை ஓடிவிட்டதா? ஓடவில்லை. எதிரே இருக்கும் பேட்டைக்கு ஒரு தொழிற்சங்கத் தலைவரின் பெயர் என்பதை மனத்தில் வைக்கச் சொன்னேனே, இதற்காகத்தான்.

மதகு என்பது, மேலே தேங்கும் பணம் கீழே உள்ள பட்டறைக்குப் பாய்கிற வழி. நம் பட்டறைக்காரர்கள் அனைவரும் உத்யம் பதிவு செய்திருக்கவேண்டும். பதிவு இருந்தால் 45 நாள் கடந்த பாக்கிக்கு, அதற்கென அமைந்த மன்றத்தில் முறையிடலாம். தனியே போகத் தயங்குபவருக்காகச் சேர்ந்து போவோம். இது பெரிய புரட்சி அல்ல; பெரிய செலவும் இல்லை. மாலை நேரத்தில் ஒரு நாற்காலி, ஒரு மேசை, படிவம் நிரப்பத் தெரிந்த ஓர் இளைஞர், இவ்வளவே போதும்.

வரத்துக்கால் என்பது, நீர் வரும் வழி. ஒரே கால்வாயை நம்பிய ஏரி, அது தூர்ந்தால் வறண்டுவிடும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்கின்மீது 50 விழுக்காடு வரி விதித்தபோது திருப்பூர் திடுக்கிட்டது. யாருக்கு அடி பலம்? அமெரிக்கா ஒன்றையே நம்பியவர்க்கு. ஐரோப்பாவுக்கும் உள்நாட்டுக்கும் சேர்த்துத் தைத்தவர் தாக்குப்பிடிக்க வழி இருந்தது. நம் பட்டறையும் அப்படியே. கார் உறுப்பு மட்டுமே செய்பவர், மருத்துவக் கருவிக்கு ஓர் உறுப்பு, மின் வண்டிக்கு ஓர் உறுப்பு, ரயிலுக்கு ஓர் உறுப்பு என்று பழகிக்கொள்ளவேண்டும். தனியொருவரால் இயலாததை நான்கு பட்டறை கூடிச் செய்யலாம். பொது எந்திரம் ஒன்றை வாங்கிப் பகிரலாம்.

ஒரு கேள்வி, ஒரு பணி

தோழர்களே! இனி ஒரு புதிய ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள் என்று நாளேட்டில் படிக்கும்போது, எத்தனை கோடி முதலீடு என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். நாளை அந்த ஆலை போய்விட்டால் இங்கே என்ன தங்கும் என்று கேளுங்கள். கைத்திறன் தங்குமா? உறுப்பு செய்யும் பட்டறை தங்குமா? உழைத்தவரின் சேமிப்பு தங்குமா? "ஆம்" என்று பதில் வந்தால் மாலையிட்டு வரவேற்போம். "இல்லை" என்றால், வரவேற்றுவிட்டு அந்தக் குறையைத் தீர்க்கும்வரை ஓயாது கேட்போம். கேட்பது குற்றமல்ல. வீட்டுக்கு வரும் மருமகனைக்கூட என்ன வேலை, எங்கே குடியிருப்பு என்று கேட்டுத்தானே பெண் கொடுக்கிறோம்!

என் தந்தை இன்றும் அந்த ஒற்றை லேத்தோடுதான் இருக்கிறார். எழுபதை நெருங்குகிறார். சென்ற மாதம் ஒரு சிறுவனுக்கு உளி பிடிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். "எதற்கப்பா இன்னும்?" என்று கேட்டேன். "நான் கத்துக்கிட்டது என்னோட போயிடக்கூடாதில்லையா" என்றார். நான் ஒரு மணி நேரம் பேசியதை ஒரே வரியில் சொல்லிவிட்டார்! வந்தது போகலாம்; கற்றது தங்கவேண்டும். அதற்குப் பெயர்தான் தாங்கல்.

வரும் ஞாயிறு மாலை, இதே இடத்தில், மேசையும் நாற்காலியும் போட்டிருப்போம். பாக்கி வராத பட்டறைக்காரர் சலான் கட்டோடு வரட்டும். படிவம் நிரப்ப நான் இருப்பேன். பட்டம் வாங்காவிட்டாலும் கையெழுத்து நன்றாக இருக்கும் எனக்கு!